கித்தாரின் முதுகில் ஓர் அடிக்கோல்

மாமா தன் பழைய கித்தாரை என்னிடம் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "பின்பக்கத்து மூடிய மட்டும் தொறக்காதடா."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் திறந்தேன்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில் ஜப்பானில் செய்யப்பட்ட நகல் அது. 1978இல் கிள்ளானில் ஒரு மலாய்க்காரரிடமிருந்து பழையதாக வாங்கியிருக்கிறார். பின்புற பிளாஸ்டிக் மூடியின் ஆறு திருகாணிகளில் இரண்டு ஏற்கெனவே தொலைந்து போயிருந்தன. உள்ளே ஒரு நீளக் குழி. அதில் துருவேறிய ஐந்து ஸ்ப்ரிங்குகள். அவை இழுத்துப் பிடித்திருக்கும் இரும்புக் கட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மரத் துண்டுகள் ஆப்பு மாதிரி இறுக்கமாகச் செருகப்பட்டிருந்தன. ஒன்றை நெம்பி எடுத்தேன். மஞ்சள் வண்ணம், கறுப்புக் கோடுகள், 7 என்ற எண். பள்ளிக்கூட அடிக்கோல்.

உண்மையைச் சொல்வதென்றால் எனக்குச் சிரிப்பு வந்தது. அசைவதற்காகவே செய்யப்பட்ட ஒரு பொறியை அசையவிடாமல் கட்டிப் போட்டிருக்கிறார். ஸ்கூடாயில் நான்கு ஆண்டு இயந்திரப் பொறியியல் படித்தவனுக்கு வரும் கர்வம் கொஞ்சம் தலைக்கேறிய நேரம் அது. பாவம், விஷயம் தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு சரியா என்று பார்க்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

அந்தப் பொறிக்குப் பெயர் ட்ரெமலோ பிரிட்ஜ். தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பாலத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். அதை அழுத்தினால் ஆறு தந்திகளும் ஒன்றாகத் தளர்ந்து சுருதி இறங்கும். விட்டால் பழைய இடத்துக்கு ஏறும். ஏற வேண்டும். இந்த 'வேண்டும்' என்ற சொல்லில்தான் ஐம்பது வருடத் தொல்லை அடங்கியிருக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மேற்கத்திய இசையில் சுருதி ஏறி இறங்கினால் அது விப்ராட்டோ. சத்தத்தின் அளவு கூடிக் குறைந்தால்தான் ட்ரெமலோ. ஆக, கித்தார் கைப்பிடி செய்வது விப்ராட்டோ வேலை, பெயர் மட்டும் ட்ரெமலோ. இந்தத் தப்பைக் கித்தார் உலகம் வழக்கமாக லியோ ஃபெண்டரின் தலையில்தான் போடும். அவரும் சும்மா இருக்கவில்லை. 1955இல் சத்தம் கூடிக் குறையும் ஆம்ப்ளிஃபையருக்கு ட்ரெமலக்ஸ் என்று சரியாகப் பெயர் வைத்துவிட்டு, அடுத்த ஆண்டே அதே வேலையைச் செய்யும் இன்னொன்றுக்கு விப்ரலக்ஸ் என்று பெயர் வைத்தார். ஆனால் தப்பு அவரிடம் தொடங்கவில்லை. டாக் காஃப்மன் என்பவர் 1929இல் இப்படியொரு கைப்பிடிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதன் தலைப்பிலேயே ட்ரெமலோ என்ற சொல் இருக்கிறது. பின்னாளில், 1945இல், லியோவோடு கூட்டாகத் தொழில் தொடங்கியவரும் இதே காஃப்மன்தான். கூட்டு சீக்கிரமே கலைந்தது. தப்பான சொல் மட்டும் லியோவிடம் தங்கிவிட்டது போலிருக்கிறது.

சரி, சுருதியை ஏன் அசைக்க வேண்டும்? அன்றைய அமெரிக்காவின் காதில் ஹவாய் இருந்தது. ஹவாய்க்காரர்கள் கித்தாரை மடியில் படுக்கப் போட்டு, தந்தியின் மேல் இரும்புத் துண்டை வழுக்கிச் செல்வார்கள். ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு இடையில் படிக்கட்டே இருக்காது. சாதாரண கித்தாரில் அது முடியாது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் உலோக மெட்டு குறுக்கே நிற்கிறது. நம்முடைய வீணையிலும் 24 மெட்டுகள் உண்டுதான், ஆனால் அங்கே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்தே கமகம் முழுக்க வாசித்துவிடுகிறார்கள். அன்றைய கித்தார் தந்திகளோ தடிமனானவை, அவ்வளவு சுலபமாக இழுபடாதவை. விரல் செய்ய முடியாததை ஒரு நெம்புகோல் செய்யட்டும் என்பதுதான் யோசனை.

காஃப்மனின் கருவி தந்திகளைத் தளர்த்தியது. ஆனால் திரும்பக் கொண்டுவருவதில் சொதப்பியது. மெர்ல் ட்ராவிஸ் என்ற புகழ்பெற்ற கன்ட்ரி கலைஞர், தன் கித்தாரில் இருந்த காஃப்மன் கருவி சுருதியைக் கலைத்துக்கொண்டே இருக்கிறது என்று பால் பிக்ஸ்பியிடம் கொண்டு போனார். பிக்ஸ்பி மோட்டார் சைக்கிள் பட்டறையில் பழகிய கை. பழுது பார்ப்பதற்குப் பதிலாக, 1950களின் தொடக்கத்தில் புதிதாக ஒன்றைச் செய்தே கொடுத்துவிட்டார். தந்திகள் ஓர் உருளையில் சுற்றியிருக்கும். கீழே ஒரேயொரு குட்டையான, தடித்த ஸ்ப்ரிங். இன்றும் விற்பனையில் இருக்கிறது, பார்க்கவும் அழகு. ஆனால் லேசாக நடுங்க வைக்கலாமே தவிர, ஆழமாக இறக்க முடியாது.

இனி லியோ. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊர்க்காரர். படித்தது கணக்கியல். பிழைப்புக்கு ரேடியோ பழுது பார்க்கும் கடை. சிறு வயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். கடைசிவரை அவருக்குக் கித்தார் வாசிக்க வராது, சுருதி கூட்டவும் தெரியாது. உலகத்தின் அதிகம் நகலெடுக்கப்பட்ட கித்தாரைச் செய்த ஆள் இவர் என்பதை நான் இன்னும் ஜீரணித்து முடிக்கவில்லை. வாசிக்கத் தெரியாததாலோ என்னவோ, வாசிப்பவர்கள் குறை சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் பழக்கம் அவரிடம் இருந்தது. 1953இல் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த ஃப்ரெடி டவாரஸ் ஹவாயில் பிறந்தவர், ஸ்டீல் கித்தார் கலைஞர். ஹவாய் சத்தத்தைத் தேடிய பட்டறைக்குள் ஹவாய்க்காரரே வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஸ்ட்ராட்டோகாஸ்டருக்காக அவர்கள் முதலில் செய்த ட்ரெமலோ தோற்றுப் போனது. தந்திகள் உருளைகளின் மேல் ஓடி, பின்னால் தனியாக அசையும் ஒரு பகுதியில் முடியும் அமைப்பு அது. அச்சுகள்வரை தயாரான பிறகு, சத்தம் சரியில்லை, தட்டினால் உடனே செத்துவிடுகிறது என்று தெரிந்தது. லியோ அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார். புதிய கித்தார் வெளிவருவதும் தள்ளிப் போனது. கையில் காசைக் கொட்டிச் செய்த அச்சைக் குப்பையில் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று தொழிற்சாலையில் வேலை செய்யும் எவனைக் கேட்டாலும் சொல்வான்.

இரண்டாவதாக வந்த வடிவம்தான் 1954இல் வெளியானது. காப்புரிமைக்கு அந்த ஆண்டு ஆகஸ்டில் விண்ணப்பித்து, 1956 ஏப்ரலில் வாங்கினார்கள். இதன் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். இரண்டு காரியங்கள் செய்திருக்கிறார். தந்தி உட்காரும் பாலத்தையும் தந்தி முடியும் இடத்தையும் ஒரே துண்டாக்கிவிட்டார். பாலம் சாயும்போது தந்தியும் கூடவே போகும், பாலத்தின் மேல் உரசி வழுக்காது. உரசல் இல்லையென்றால் திரும்பி வரும்போது பாதியில் சிக்கவும் சிக்காது. கித்தாரின் தலையில் 'சிங்க்ரனைஸ்டு ட்ரெமலோ' என்று பெருமையாக எழுதியதன் பொருள் இதுதான். செத்துப்போகும் சத்தத்துக்கு மருந்தாக, தந்திகள் வந்து முடியும் இடத்தில் கனமான இரும்புக் கட்டை ஒன்றைத் தொங்கவிட்டார். மாமாவின் அடிக்கோல் அணைத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

இன்னொன்று, பாலம் சாயும் இடம். கீலோ பேரிங்கோ இல்லை. முன்விளிம்பில் வெறும் ஆறு திருகாணிகள். தகட்டில் இருக்கும் துளைகளின் விளிம்பைச் சீவிக் கத்திமுனை போலாக்கி, அந்த முனை திருகாணியில் சாய்ந்து ஆடும்படி விட்டிருக்கிறார். நகைக்கடைப் பழைய தராசில் தண்டு எதன்மேல் ஆடுகிறதோ, அதே தத்துவம். ஒரு பக்கத் தட்டில் தந்திகளின் இழுப்பு, மறுபக்கத் தட்டில் ஸ்ப்ரிங்குகளின் இழுப்பு. நடுவில் மிதக்கிறது பாலம்.

இந்த இழுப்பு விளையாட்டில்லை. இன்று பரவலாகப் போடும் 10 அளவுத் தந்திக்கட்டு ஆறும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுக்கும். ஒரு நெல் மூட்டையில் பாதிக்கு மேல். அதற்குச் சமமாக ஸ்ப்ரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. சுருதி அரைச் சுரம் இறங்குவதற்கு ஒரு தந்தியின் இழுவிசை 11 விழுக்காடு குறைந்தாலே போதும். அதாவது, இந்தத் தராசில் சின்னச் சலனமும் காதுக்குத் தெரியும். தராசுக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரு தட்டிலிருந்து எதை எடுத்தாலும் எல்லாமே அசையும். ஒரு தந்தியை இறுக்கினால் மற்ற ஐந்தும் தளரும். ஒரு தந்தி அறுந்தால், ஸ்ப்ரிங் ஜெயித்து, மிச்சமுள்ள ஐந்தும் சட்டென்று மேலே ஏறும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்தக் கலிபோர்னியாப் பொறி கிள்ளானுக்கு எப்படி வந்தது? லண்டன் வழியாக. 1959இல் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் தன் பின்னணிக் குழுவான ஷேடோஸின் ஹேங்க் மார்வினுக்காகச் சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார். பாட்டே இல்லாமல் கித்தார் மட்டும் பேசும் 'அபாச்சி' 1960இல் வந்தது. மார்வின் கைப்பிடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வாசிப்பார். ஒவ்வொரு நீண்ட சுரத்தின் கடைசியிலும் ஒரு சிறு நடுக்கம். 1961இல் அவர்கள் சிங்கப்பூருக்கு வந்து வாசித்தார்கள். அதன்பிறகு சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கித்தார் குழுக்கள் காளான் மாதிரி முளைத்தன. குவீன்ஸ்டவுன் பள்ளி மாணவர்கள் தொடங்கிய தி குவெஸ்ட்ஸ் குழு 1964இல் 'ஷாண்டி' என்ற கித்தார் மெட்டை வெளியிட்டு நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது. மலாயில் இந்தக் குழுக்களுக்குக் குகிரான் என்று பெயர். கும்புலான் கித்தார் ரஞ்சாக் என்பதன் சுருக்கம். எல்லாரும் ஃபெண்டர் வாங்க முடியுமா? நகல்கள் வந்தன. மாமாவுக்குக் கித்தார் விற்றவரும் ஒரு முன்னாள் குகிரான்காரர்தான். நாகரிகம் மாறி, கல்யாணமும் ஆகி, கித்தாரை விற்றுவிட்டார்.

மாமா சேர்ந்தது மெல்லிசைக் குழுவில். தோட்டத்துக் கோயில் திருவிழா, கல்யாணம், தீபாவளிக் கலை இரவு. இளையராஜா பாட்டுகளுக்கு ஊரில் கித்தார் வாசிக்க ஆள் தேவைப்பட்ட காலம். கட்டைகளைப் பார்த்த மறுவாரம் பூச்சோங்கில் அவர் மகள் வீட்டுக்குப் போய், திறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"திருவிழாடா. ராத்திரி ரெண்டு மணி இருக்கும். பாட்டு நடுவுல மொத தந்தி டப்புனு அறுந்துச்சு. சரி, அஞ்ச வச்சு ஒப்பேத்திருவோம்னு பாத்தா, அஞ்சும் வேற சுருதில நிக்குது. ஆர்கன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாடுற புள்ள என்னைத் திரும்பிப் பாக்குது. சனம் சிரிக்குது. மேடைய விட்டு எறங்குனதும் குழுத் தலைவர் எல்லார் முன்னாடியும் கேட்டாரு, நீ கித்தார் வாசிக்கிறியா, இல்ல ரப்பர் வெட்டுறியான்னு."

மாமா அப்போது பகலில் ரப்பர்தான் வெட்டிக்கொண்டிருந்தார்.

முதல் தந்தியின் இழுப்பு ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. 45 கிலோத் தராசிலிருந்து அது திடீரென்று போனால் என்ன ஆகும் என்று என்னால் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்ட முடியும். அவர் அதை முந்நூறு பேர் முன்னால் தெரிந்துகொண்டார். மறுநாள் வீட்டில் கண்ணில் பட்ட மரத் துண்டை எடுத்து அறுத்துச் செருகிவிட்டார். அதற்குப் பிறகு தந்தி அறுந்தால் அறுந்தது மட்டும்தான் போகும். தனியாக இரண்டு சுரம் இழுத்து வாசித்தாலும் மற்றவை கலையாது. "கைப்பிடியக் கழட்டி பீரோவுல போட்டேன். சூசாவே இல்ல."

எரிக் கிளாப்டன் தன் பிரசித்தி பெற்ற கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இதையேதான் செய்திருந்தார் என்று பிறகு படித்தேன். கட்டைக்குப் பின்னால் மரத்தைக் கொடுத்து, பாலத்தை ஆடவிடாமல் நிறுத்தியிருந்தார். உலகத்தின் எந்தக் கித்தாரையும் வாங்கக் கூடியவர். அவர் செய்தால் பாணி, மாமா செய்தால் அறியாமை என்று நான் சிரித்திருக்கிறேன்.

தராசோடு வாழ்ந்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வலக்கைக் கித்தாரைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு, 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக்கில் அமெரிக்க தேசிய கீதத்தின் நடுவே கைப்பிடியால் குண்டுகள் விழவைத்தார். அவர் பதிவுகளைக் கேளுங்கள், சுருதி கலையும், வாசித்தபடியே சரிசெய்து கொள்வார். பிரச்சினைக்குப் பொறியியல் முடிவு எழுதியவர் ஃப்ளாய்ட் ரோஸ். நகை வேலையும் தெரிந்த கித்தார்க்காரர். தராசில் கோளாறில்லை, தந்தி மேலே தலைப்பக்கம் இருக்கும் நட் என்ற குறுகிய பள்ளத்தில் சிக்கி நழுவுவதுதான் கோளாறு என்று பிடித்தார். தந்தியை அங்கேயே திருகாணி போட்டு நெரித்துப் பூட்டினார். 1979இல் காப்புரிமை கிடைத்தது. 80களின் ராக் முழுக்க அந்தப் பூட்டின் மேல்தான் ஓடியது. பொறியாளனாக எனக்கு அதில் மரியாதை உண்டு, ரசிகனாக அவ்வளவு ஈர்ப்பில்லை. தந்தி மாற்ற ஒரு பெட்டிச் சாவி வேண்டும்.

எனக்குப் பிடித்தது ஜெஃப் பெக். பூட்டு கிடையாது, ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மிதக்கும் பாலம்தான். நிதின் சாஹ்னியின் 'நாடியா' என்ற பாட்டில் ஓர் இந்தியப் பெண் குரல் வரும். பெக் 2001இல் வெளியிட்ட தொகுப்பில் அந்தக் குரலைக் கித்தாரில் வாசித்திருக்கிறார். விரலில் ஸ்லைடுக் குழாய், உள்ளங்கையில் கைப்பிடி. ஹவாயைப் பிடிக்கச் செய்த பொறி கடைசியில் கமகத்தைப் பிடித்தது. அதை மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். "கைப்பிடிலயா பண்றான்?" என்றார். அப்புறம், "என்னுதும் அப்படி ஆடுமா?"

ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது. துருவேறிய ஸ்ப்ரிங் ஐந்தில் மூன்றை மட்டும் தேய்த்து எடுத்துக்கொண்டேன், இன்றைய மெல்லிய தந்திக்கு அது போதும். ஆறு திருகாணிகளில் ஓரத்து இரண்டை மட்டும் தகட்டைத் தொடும்வரை இறக்கி, நடுவிலுள்ள நான்கையும் ஒரு மயிரிழை தூக்கி விட்டேன். ஆறும் இறுகினால் கத்திமுனை ஆடாது. நட்டின் பள்ளங்களில் பென்சில் கரியைத் தேய்த்தேன். புதுத் தந்திகளை மாட்டி, ஒவ்வொன்றையும் விரலால் இழுத்து இழுத்துத் தளரவிட்டேன்.

பிறகுதான் உண்மையான தொல்லை. ஆறாவதைக் கூட்டினால் ஐந்தாவது இறங்குகிறது, ஐந்தாவதைக் கூட்டினால் இரண்டும் இறங்குகின்றன. பாலம் முன்னால் சாய்ந்துகொண்டே போகிறது. நான்கு சுற்று வந்தும் முடியவில்லை. இதற்கொரு பழைய உபாயம் உண்டு. பாலத்தின் பின்விளிம்பு உடம்பிலிருந்து ஏறக்குறைய 3 மி.மீ. மேலே நிற்கும் நிலையில், இரும்புக் கட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் தற்காலிகமாக ஓர் ஆப்பைக் கொடுத்துவிட வேண்டும். பாலம் அசையாது. இப்போது நிம்மதியாகச் சுருதி கூட்டலாம். பின்னர் ஸ்ப்ரிங்குகளைப் பிடித்திருக்கும் கொக்கித் தகட்டின் இரண்டு திருகாணிகளை அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறுக்கிக்கொண்டே வர வேண்டும். ஸ்ப்ரிங் இழுப்பும் தந்தி இழுப்பும் சமமாகும் அந்தக் கணத்தில் ஆப்பு தானாகக் கழன்று விழும்.

அளவான ஆப்புக்கு எங்கே போவது? மேசையில் மாமாவின் துண்டுகள் கிடந்தன. இரண்டை ஒன்றாக வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. இருபது நிமிடம் கழித்து டக்கென்று ஒரு சத்தத்தோடு 7 என்ற எண் என் மடியில் விழுந்தது.

அப்போது அம்மா அறைக்கு வந்து மேசையைப் பார்த்தார். துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒழுங்காக அடுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஓர் அங்குலம்தான் குறைந்தது. பின்பக்கம் திருப்பினால் பேனாவால் எழுதிய எழுத்துகள், அம்மாவின் பெயரில் பாதி. "இத யாரோ ஸ்கூல்ல திருடிட்டாங்கன்னு டீச்சர்கிட்ட அழுதேன். பக்கத்துல உக்காந்த புள்ளையோட ஒரு வருஷம் பேசல." மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் கித்தாரைப் பூச்சோங்குக்குக் கொண்டு போனேன். பீரோவிலிருந்த கைப்பிடியை மாமா தயாராக எடுத்து வைத்திருந்தார். அதைத் திருகி மாட்டிக்கொடுத்தேன். விரல்கள் முன்போல் இல்லை. ஒரே ஒரு சுரத்தைத் தட்டி, கைப்பிடியை மெதுவாக அழுத்தினார். கீழே போனது. விட்டார். மேலே வந்தது. மறுபடியும். ஏழெட்டு முறை அதையே செய்துகொண்டிருந்தார். பிறகு ஆறு தந்திகளையும் சேர்த்து வருடிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மூணாவது லேசா எறங்கிருக்கு."

கைப்பேசியில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்தேன். அரைச் சுரத்தை நூறாகப் பிரித்தால் அதில் நான்கு பங்கு இறங்கியிருந்தது. எனக்குக் கேட்கவே இல்லை.

"அந்தக் கட்டைங்கள எங்க வச்ச?"

அம்மாவிடம் இருக்கிறது என்றேன். அவர் கித்தாரிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அவளுக்குத் தெரிஞ்சு போச்சா?" என்றார்.